செயலி ஆக்கும் இளைஞர்களும் பஞ்சாயத்தும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

இத்தகைய முகாம்களில் நாம் வழக்கமாகப் பேசும் பொருள்கள் குடிநீர், சாலை, தெருவிளக்கு, சுகாதாரம், வாய்க்கால் மராமத்து முதலியன. இன்று அவற்றோடு புதிய பொருளொன்றைச் சேர்த்துக்கொள்கிறோம். கைபேசியில் இயங்கும் செயலிகளை ஆக்கவல்ல நம் ஊர் இளைஞர்களுக்குப் பஞ்சாயத்தும் உழவர்களும் எவ்வகையில் துணைநிற்கலாம் என்பதே அப்பொருள். “இது நகரத்துத் தொழிலாயிற்றே, பஞ்சாயத்துக்கு இதில் என்ன வேலை?” என்று சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு நகரம் தரமுடியாத உதவி ஒன்று கிராமத்தின் கையில் இருக்கிறது என்பதையே நாம் இங்கே எடுத்துக்கூற விரும்புகிறோம்.

செயலியும் கலப்பையும்

கைபேசி வெறும் கருவி. அதனுள் இருந்து ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்து தருமாறு எழுதப்பட்ட கட்டளைகளின் தொகுதியே செயலி. மாநில அரசு 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட உழவன் செயலியை உங்களில் பலர் அறிவீர்கள். மானியத் திட்டங்கள், விதை இருப்பு, சந்தை விலை, வானிலை முதலிய செய்திகளை அது தருகிறது. கடையில் கைபேசியைக் காட்டிப் பணம் செலுத்துகிறோமே, அதுவும் செயலியின் வேலைதான்.

இவற்றைப் போன்ற பெரிய செயலிகள் மாநிலம் முழுவதற்கும், நாடு முழுவதற்கும் பொதுவானவை. அவை அவசியமானவை. ஆயினும் ஒவ்வோர் ஊருக்கும் தனித்த தேவைகள் உண்டு. முற்காலத்தில் ஏர்க்கலப்பையை நமக்குச் செய்து கொடுத்தவர் யார்? ஊர்த் தச்சர். கரிசல் மண்ணுக்கு ஒரு விதமாகவும் செம்மண்ணுக்கு ஒரு விதமாகவும் அவர் செய்தார். “மேழி சற்று உயரம்” என்று உழவர் சொன்னால், அங்கேயே இழைத்துக் கொடுத்தார். கொழு தேய்ந்தால் கருமார் அடித்துக் கொடுத்தார். இவர்களுக்கு அறுவடையின்போது களத்துமேட்டில் நெல் அளந்தார்கள். அக்காலத்து ஏற்பாட்டில் இருந்த ஏற்றத்தாழ்வு நமக்கு வேண்டா. ஆனால் அதிலிருந்த ஓர் உண்மை இன்றும் வேண்டும்: கருவி என்பது ஒருமுறை வாங்கி முடிந்துவிடுவதன்று. அதைச் செப்பனிடுபவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். அவர் பிழைக்க வழியும் இருக்க வேண்டும்.

செயலியும் இத்தன்மையதே. கைபேசியின் அமைப்பு ஆண்டுதோறும் மாறுகிறது, விதிகள் மாறுகின்றன, ஊரின் தேவையும் மாறுகிறது. திறப்பு விழாவோடு கைவிடப்பட்ட செயலி, பூட்டிக் கிடக்கும் கட்டடத்தைப் போன்றது.

ஊர் அறிந்தவர் ஆக்கினால்

நம் மாநிலத்திலேயே நிலத்தை அளந்து சொல்லும் முறை இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஏக்கர், சென்ட் என்ற கணக்கு எங்கும் வழங்கினாலும், தஞ்சைப் பகுதி உழவர் ‘மா’ என்றும் ‘குழி’ என்றும் பேசுவார். நெல்லைச் சீமையில் ‘கோட்டை விதைப்பாடு’ என்று கூறுவோர் இன்னும் உண்டு. தொலைவில் இருந்து செயலி எழுதுபவர் இதை எவ்வாறு அறிவார்? எந்த மேட்டில் அலைவரிசை கிடைக்காது, எந்தத் தெருவில் எழுத்தறியாத மூதாட்டிகள் மிகுதி, அவர்களுக்கு எழுத்துக்குப் பதில் குரல்வழிச் செய்தி வேண்டும் என்பனவற்றை ஊரில் வளர்ந்த பெண்ணோ பையனோதான் அறிவார்.

இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கட்டளை வரிகளைக்கூட ஓரளவு எழுதித் தருகின்றன. ஆதலால் எழுதும் திறன் முன்போல் அரிதாக இல்லை. எதை எழுத வேண்டும் என்று அறியும் அறிவே அரிதாகிறது. அவ்வறிவு கிராமத்தில் இருக்கிறது.

நைரோபி தரும் பாடம்

இவ்விஷயத்தில் ஆப்பிரிக்க நாடொன்றின் அநுபவம் நமக்குப் பயன்படும். கென்யாவிலும் நம் நாட்டைப் போலவே உழவை நம்பி வாழும் மக்கள் மிகப் பலர். 2007ஆம் ஆண்டில் அங்கே எம்-பெசா என்னும் கைபேசிவழிப் பணம் அனுப்பும் முறை தொடங்கப்பட்டது. விலையுயர்ந்த கைபேசி அதற்குத் தேவையில்லை. சாதாரணக் கைபேசியே போதும். அவ்வாண்டின் இறுதியில் நடந்த தேர்தலையொட்டிக் கலவரங்கள் மூண்டன. கலவரம் நிகழும் இடங்களைப் பொதுமக்கள் தெரிவிக்க, அவற்றை வரைபடத்தில் காட்டும் உஷாஹிடி என்னும் ஏற்பாட்டைச் சில இளைஞர்கள் 2008இல் உருவாக்கினார்கள். அவர்களைச் சேர்ந்தவர்களின் முயற்சியால் 2010இல் தலைநகரான நைரோபியில் ஐஹப் என்னும் பொதுக்கூடம் தோன்றியது.

அக்கூடத்தில் இருந்தவை மேசைகள், நாற்காலிகள், விரைவான இணைய இணைப்பு, ஒத்த தொழிலினரின் துணை ஆகியவையே. வீட்டிலும் விடுதியிலும் தனித்தனியே உழைத்துக்கொண்டிருந்த இளைஞர்கள் அங்கே ஒருவரையொருவர் கண்டார்கள். ஒருவருக்குத் தெரியாததை மற்றவரிடம் கேட்டார்கள். பணம் முதலீடு செய்வோரையும் சந்தித்தார்கள்.

அதே 2010ஆம் ஆண்டில் கென்யாவில் இரண்டு வேளாண் முயற்சிகள் பிறந்தன. ஒன்று, இயற்கை வேளாண்மையில் ஈடுபட்டிருந்த சூ கஹும்பு என்னும் பெண்மணியின் ஐகவ். பசுவுக்குச் சினை ஊசி போட்ட நாளை உழவர் பதிவுசெய்தால், அடுத்தடுத்துச் செய்யவேண்டியவற்றைக் குறுஞ்செய்தி நினைவூட்டும். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள் என்பதும், சினை பிடிக்காவிடில் சுமார் 21 நாளில் மீண்டும் பருவத்துக்கு வரும் என்பதும் உங்களுக்குத் தெரிந்தவையே. அந்த ஒரு பருவத்தைக் கவனியாமல் விட்டால் மூன்று வாரப் பால் போயிற்று. இந்நஷ்டத்தைத் தடுக்க எண்ணியவர், மாட்டை அறிந்த ஒருவர். மற்றொன்று, இளம்பெண்கள் மூவர் தொடங்கிய எம்-பார்ம். சந்தை விலையை உழவருக்குக் குறுஞ்செய்தியாகத் தெரிவித்து, தரகர் சொன்னதே விலை என்ற நிலையை மாற்ற முயன்றது அது.

இவ்விரண்டும் போட்டிகளில் பரிசு பெற்றவை. பரிசு தொடக்கத்தில் ஊக்கம் தரும். ஆயினும் பரிசு பெற்ற செயலி நிலைப்பதற்கு நாள்தோறும் அதைப் பயன்படுத்துவோரும், அதற்காகச் சிறிதளவேனும் பணம் தருவோரும் வேண்டும். எந்த நாட்டிலும் பரிசுக்குப் பின் மறைந்த செயலிகளே மிகுதி. இதை நாம் மறத்தலாகாது.

நம் பக்கத்தில் நடந்தவை

பாடம் படிக்க ஆப்பிரிக்கா வரை செல்லவும் வேண்டுவதில்லை. புதுச்சேரிக் கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டு முதல் அறிவு மையங்களை அமைத்தது. ஊரார் இடம் தரவேண்டும். ஊரைச் சேர்ந்தவர்களே மையத்தை நடத்த வேண்டும். எல்லாச் சாதியினரும் தடையின்றி உள்ளே வரவேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். எம்பலத்தில் கோயிலைச் சார்ந்த இடத்திலேயே மையம் அமைந்தது. அதைப் பெண்கள் நடத்தினார்கள். மீனவர் வாழும் வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரத்தை இணையத்தில் அறிந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று கடல்கோள் வந்தபோது, நல்லவாடு என்னும் ஊருக்குச் சிங்கப்பூரில் இருந்து தொலைபேசி எச்சரிக்கை வந்தது. அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியே ஊரார் உடனே அறிவிக்கப்பட்டு மேட்டுக்குச் சென்று உயிர் தப்பினார்கள். அவ்வூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 3,600. ஒரு தொலைபேசியும் ஒலிபெருக்கியும் அவற்றை இயக்கத் தெரிந்த சிலரும் ஊருக்குள் இருந்தமையால் விளைந்த பயன் இது.

அதே ஆராய்ச்சி நிறுவனம் 2007ஆம் ஆண்டுவாக்கில் மீனவர்களுக்கான கைபேசிச் சேவையைத் தொடங்கியது. இன்று அது ‘பிஷர் பிரெண்ட்’ என்னும் செயலியாக வளர்ந்திருக்கிறது. அலையின் உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்கக்கூடிய இடம் ஆகியவற்றை அறிவிப்பதோடு, படகு நாட்டின் கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கவும் செய்கிறது. எல்லை தாண்டியதால் நேரும் இன்னல் நம் மீனவர்க்குப் புதிதன்று. அவர்களோடு பழகியவர்கள் ஆக்கியதாலேயே அது செயலியில் இடம்பெற்றது.

இனித் தொழிலின் பக்கத்தைப் பார்ப்போம். ஜோஹோ நிறுவனம் 2011இல் தென்காசியில் சிறிய அலுவலகம் ஒன்றைத் தொடங்கிப் பின்னர் மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் அதை வளர்த்தது. வாடிக்கையாளர் குறைகளைக் கவனிப்பதற்கான அதன் மென்பொருள் அங்கே உருவாகிப் பல நாடுகளில் விற்பனையாகிறது. மென்பொருள் தொழிலுக்கு நகரம்தான் வேண்டும் என்னும் எண்ணம் தவறு என்பதற்கு இது சான்று.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

பஞ்சாயத்து செய்யவேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. ஐந்தினை மட்டும் கூறுகிறோம்.

முதலாவது, இடம். கிராம சேவை மையக் கட்டடங்கள் பல ஊர்களில் நாளின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. அங்கே ஓர் அறை, இரண்டு மேசை, தடையில்லா மின்சாரம், இணைய இணைப்பு ஆகியவை போதும். கண்ணாடியிழை வடத்தைக் கிராமங்களுக்குக் கொண்டுவரும் பாரத்நெட் திட்டத்தின் இணைப்பு வந்துவிட்ட ஊர்களில், அது அலுவலகக் கணினியோடு நின்றுவிடலாகாது. பட்டம் பெற்றும் ஊரைவிட்டுச் செல்ல இயலாத பெண்கள் பலர் இருக்கிறார்கள். திருமணத்துக்குப் பின் அவர்கள் படிப்பு அடுப்படியோடு முடிந்துவிடுகிறது. அவர்கள் வந்து போகத்தக்க நேரத்தில் அறை திறந்திருக்க வேண்டும். எந்தத் தெருவில் பிறந்தவர்க்கும் அதன் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை. ஆயினும் சொல்லி வைக்கிறோம்.

இரண்டாவது, தெளிவான குறை. கிராம சபை நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. “தண்ணீர் சரியாக வருவதில்லை” என்று அங்கே ஒருவர் கூறினால் அது புகார். “மேலத்தெருவுக்கு எந்நேரம் வால்வு திறப்பார்கள் என்று தெரியாமையால், கூலி வேலைக்குப் போகும் பெண்கள் அரைநாள் கூலியை இழக்கிறார்கள்” என்று கூறினால் அது செயலி ஆக்குவோருக்கு வேலை. மேல்நிலைத் தொட்டியை இயக்குபவர் வால்வைத் திறக்கும்போது கைபேசியில் ஒரு பொத்தானை அழுத்துகிறார். அத்தெருவினருக்கு உடனே செய்தி போகிறது. எளிய கைபேசி உடையவருக்குக் குறுஞ்செய்தியோ குரல் அழைப்போ போகிறது. இவ்வளவுதான் செயலி. இத்தகைய குறைகளைச் சபையில் கேட்டு எழுதி வைத்து, அவற்றுள் ஒன்றை மட்டும் இளைஞர்களிடம் ஒப்படையுங்கள். பத்தை ஒருங்கே தொடங்கினால் ஒன்றும் முடியாது.

மூன்றாவது, விவரம். தண்ணீர் திறந்த நேரம், தெருவிளக்குகளின் எண், குளத்தின் நீர்மட்டம், வாடகைக்குக் கிடைக்கும் இயந்திரங்கள் ஆகியவை பதிவேடுகளில் இருக்கின்றன, அல்லது இருக்க வேண்டும். விவரம் இல்லாத செயலி தானியம் இல்லாத குதிரைப் போன்றது. இங்கே ஓர் உண்மையை ஒளிக்காமல் கூறவேண்டும். எந்தத் தெருவுக்கு மாதத்தில் எத்தனை நாள் தண்ணீர் போயிற்று என்ற கணக்கு வெளிப்பட்டால், பஞ்சாயத்துக்குச் சங்கடம் நேரலாம். எங்களைப் போன்ற அலுவலர்களுக்கும் அதில் பங்குண்டு. அச்சங்கடத்துக்கு அஞ்சி விவரத்தை மறைத்தால், செயலியும் நிலைக்காது, குறையும் தீராது. சபையில் கேள்வி கேட்பவரை வரவேற்கும் பஞ்சாயத்து, கணக்கையும் வரவேற்க வேண்டும்.

நான்காவது, பன்னிரண்டு பேர். இது பலர் அறியாத செய்தி. ஆண்டிராய்டு கைபேசிக்கான கூகுள் பிளே அங்காடியில் கணக்குத் தொடங்க ஒரே முறை 25 டாலர் செலுத்தினால் போதும். ஆப்பிள் அங்காடிக்கு ஆண்டுதோறும் 99 டாலர். கட்டணத்தைக் காட்டிலும் பெரிய தடை வேறொன்று உண்டு. 2023 நவம்பருக்குப் பின் புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்கியவர், செயலியை வெளியிடுமுன் குறைந்தது 20 பேரைக்கொண்டு தொடர்ந்து 14 நாள் சோதிக்க வேண்டும் என்று கூகுள் விதித்தது. 2024 டிசம்பரில் அவ்வெண்ணிக்கை 12 ஆகக் குறைக்கப்பட்டது. நகரத்தில் தனி அறையில் இருக்கும் இளைஞர் இந்தப் பன்னிரண்டு பேரைத் தேடி அலைகிறார். முன்பின் அறியாதவரிடம் பணம் கொடுத்துச் சோதிப்போரைப் பெறுபவர்களும் உண்டு. அவ்வாறு வந்தவர்கள் செயலியைத் திறந்தும் பார்ப்பதில்லை.

ஓர் ஊரில் பன்னிரண்டு பேர் கிடைக்கமாட்டார்களா? வார்டு உறுப்பினர், தொட்டி இயக்குபவர், பால் சங்கச் செயலாளர், மகளிர் குழுவைச் சேர்ந்த நால்வர், உழவர் ஐவர் என்று எண்ணிப்பாருங்கள், கணக்கு முடிந்தது. இவர்கள் பதினான்கு நாள் உண்மையாகவே பயன்படுத்தி, “இந்த எழுத்து சிறியது”, “இந்தச் சொல் எங்களுக்கு விளங்கவில்லை”, “வயலில் நிற்கும்போது திறக்கவில்லை” என்று கூறினால், அவ்வுதவிக்கு விலையே இல்லை. பஞ்சாயத்து தரக்கூடிய உதவிகளுள் இதையே தலையாயதாக நாம் கருதுகிறோம். இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

ஐந்தாவது, கூலி. “நம் ஊர்ப் பிள்ளைதானே, இனாமாகச் செய்து தரட்டும்” என்பது அன்பினால் சொல்லும் சொல்லாயினும், அப்பிள்ளையைப் பேருந்து ஏற்றி அனுப்பும் சொல் அது. செய்வித்த வேலைக்கு விதிகளுக்கு உட்பட்டுப் பணம் தரவேண்டும். அதனினும் முக்கியமாக, ஆண்டுதோறும் செப்பனிடுவதற்கும் சிறு தொகை ஒதுக்க வேண்டும். ஒரு பஞ்சாயத்தால் இயலாவிடில், பக்கத்துப் பஞ்சாயத்துகள் நான்கைந்து சேர்ந்து ஒரே செயலியைப் பயன்படுத்திச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். வளர விரும்பும் இளைஞர்களை மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் வட்டார மையங்களுக்கு வழிகாட்டி அனுப்புங்கள். பயிற்சி வேண்டுவோருக்கு 2022இல் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டம் இருக்கிறது.

உழவர் பங்கு

டெல்டாவில் ஆடுதுறை 27 என்னும் நெல் 1960களில் பரவியபோது உழவர்கள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். திருச்சி வானொலி அதைப்பற்றி விடாமல் பேசியது ஒரு காரணம். கேட்டதை வயலில் செய்துபார்த்த உழவர்கள் இருந்தது மற்றொரு காரணம். வானொலி எவ்வளவு பேசினாலும் விதைக்கத் துணிந்தவர் இல்லையேல் நெல் விளைந்திராது.

செயலிக்கும் அதுவே. அறுவடை இயந்திரம் எந்த ஊரில் எந்நாள் இருக்கும் என்று அறியாமல் கதிர் முற்றிக் கொட்டும் துன்பம் உங்களுடையது. சினை ஊசி நாளைச் சுவரில் கரியால் எழுதி மறந்துவிடும் வழக்கமும் உங்களுடையது. இவற்றை இளைஞரிடம் உட்கார்ந்து விளக்குவோர் நீங்கள்தான். முதல் செயலி தடுமாறும். அதைக் கண்டு நகையாமல் குறையைச் சொல்லித் திருத்தச் செய்யுங்கள்.

எச்சரிக்கை

மூன்று எச்சரிக்கைகளும் அவசியம். முதற்கண், மக்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, நோய் விவரம், தொலைபேசி எண் ஆகியவற்றைத் தேவையின்றிக் கேட்கும் செயலியை அநுமதிக்கலாகாது. தனிநபர் தரவுகளைக் காப்பதற்கென்றே 2023இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. தெருவுக்குத் தண்ணீர் வந்ததா என்பது ஊர்ப்பொது. இன்னார் வீட்டுக் கடன் எவ்வளவு என்பது பொதுவன்று.

அடுத்து, கைபேசி இல்லாதவர் விடுபடலாகாது. பல வீடுகளில் இருக்கும் ஒரே நல்ல கைபேசி ஆண்மகனின் சட்டைப்பையில் இருக்கிறது. ஆகவே செயலியில் வரும் அறிவிப்பு ஒலிபெருக்கியிலும் அறிவிப்புப் பலகையிலும் வரவேண்டும். இறுதியாக, செயலி கிராம சபைக்கு மாற்றாகாது. நேரில் கேட்கும் உரிமையைப் பொத்தானுக்கு விட்டுக்கொடுத்தல் கூடாது.

முடிவுரை

பெரியோர்களே, பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போவதைத் தடுக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. விரும்பிப் போகிறவர் போகட்டும். ஊரில் இருக்க விரும்புகிறவர் வேலையின்மையால் போக நேர்வதையே நாம் தடுக்க வேண்டும். அவர் போய்விட்டால் ஓர் இளைஞரை மட்டும் இழக்கவில்லை. மேலத்தெருவின் தண்ணீர்க் கவலையை அறிந்து தீர்க்கக்கூடிய ஒருவரை இழக்கிறோம். பிறகு அவ்வேலையை ஊரை அறியாத ஒருவர் செய்வார், அல்லது ஒருவரும் செய்யமாட்டார்.

எனவே, இங்கிருந்து திரும்பியவுடன் செய்யவேண்டியது ஒன்றே. உங்கள் ஊரில் இக்கலை அறிந்த இளைஞர், இளம்பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, அடுத்த கிராம சபைக்கு அவர்களை அழையுங்கள். ஒரு குறையை அவர்கள் முன் வையுங்கள். ஓர் அறையின் சாவியைக் கொடுங்கள். பன்னிரண்டு பேரின் பெயரை எழுதிக் கொடுங்கள். மற்றவற்றை அவர்கள் செய்வார்கள். அலுவலக முறையில் எங்களால் ஆகவேண்டிய உதவி எதுவாயினும் செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்.